கைக்கேற்ற பட்டர்: மலைநாட்டு கிரீன்களுக்கு மட்டை தேர்ந்தெடுக்கும் முறை

கோல்ஃப் பையில் இருக்கும் மட்டைகளில், பந்தைத் தரையோடு உருட்டுவதற்கென்றே செய்யப்பட்டது பட்டர். விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம். மற்றப் பதின்மூன்றும் பந்தைப் பறக்கவைக்க. இந்த ஒன்று மட்டும் குழிக்குள் சேர்க்க. 18 குழிகளையும் 72 அடிகளில் முடிக்கக் கணக்கிட்ட மைதானத்தில், குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான ஒவ்வொரு கிரீனுக்கும் இரண்டு பட், அதாவது பட்டரால் உருட்டும் அடி, என்று வைத்தே கணக்குப் போடுகிறார்கள். அப்படியென்றால் 72இல் 36, சரிபாதி, இந்த ஒரே மட்டைக்குரியது.

குழியின் விட்டம் 4¼ அங்குலம். பத்து அடி தூரத்திலிருந்து உருட்டும் பந்து ஒரே ஒரு பாகை திசை மாறினால், குழியின் நடுவிலிருந்து இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் விலகி, அதன் விளிம்புக்குப் போய்விடும். இரண்டு பாகை என்றால் குழிக்கும் பந்துக்கும் தொடர்பே இல்லை. பந்து எந்தத் திசையில் புறப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அது படும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை. கை வீசும் பாதைக்கு அதில் பங்கு குறைவு. ஆகவே பட்டர் தேர்வு என்பது ஒரே கேள்விக்குப் பதில் தேடுவது: எந்த மட்டையின் முகம், இந்தக் கைகளில், பந்தைத் தொடும்போது நேராக நிற்கிறது?

உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களும் எல்லாவற்றையும் குழியில் போடுவதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தார். அந்த ஆட்டக்காரர்கள் எட்டு அடியிலிருந்து அடிக்கும் பட்களில் ஏறக்குறைய பாதிதான் உள்ளே போகின்றன. ஒரு சுற்றை 90 அடிகளில் முடிக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கு அதே பாதி வாய்ப்பு சுமார் ஐந்து அடியில் கிடைக்கிறது. நல்ல பட்டர் இந்த அளவுகளை அற்புதம்போல் மாற்றிவிடாது. ஆனால் மூன்று அடிக்கும் எட்டு அடிக்கும் இடையில் வீணாகும் பட்களில் சிலவற்றை அது மீட்டுத் தரும்.

ஹாலிஎலவிலிருந்து மேலே போகும் வழி

மட்டையைத் தேடுமுன் அது ஆடும் கிரீனை அறியவேண்டும். பெரகலையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக வரும் ஏ16 வீதி, பதுளைக்குப் போகும் ஏ5 வீதியில் வந்து சேரும் இடம் ஹாலிஎல. அங்கிருந்து ஏ5 வழியே வெலிமடையைத் தாண்டி ஏறினால், சுமார் 50 கிலோமீற்றரில் நுவரெலியா. ஊவாத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு எட்டக்கூடிய பெயர்பெற்ற 18 குழி மைதானம் அங்கே இருக்கிறது. 1889இல் தொடங்கப்பட்ட நுவரெலியா கோல்ஃப் கிளப் அது. திகன பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில், டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த விக்டோரியா மைதானம் உள்ளது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில், காற்று இலேசாக இருப்பதால் நுவரெலியாவில் தூர அடிகள் கூடுதலாகப் பறக்கும். ஆனால் கிரீனில் உயரத்துக்கு வேலையில்லை. அங்கே பந்தின் போக்கை ஆள்பவை ஈரம், புல்லின் நீளம், சரிவு ஆகிய மூன்றும்தான்.

ஊவாவாசிகள் நினைவில் வைக்கவேண்டிய ஒன்று உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் நுவரெலியாவில் தூறலும் பனிமூட்டமும். அதே மாதங்களில் மலைக்கு இந்தப் பக்கம், பதுளை மாவட்டத்தில், கச்சான் காற்று தரையைக் காயவைத்துக்கொண்டிருக்கும். காய்ந்த முற்றத்திலும் சீமெந்துத் தரையிலும் பழகிய கை, மழை நனைத்த கிரீனில் பந்தைக் குழிக்கு முன்னமே நிறுத்திவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காலத்திலோ அதே கிரீன் வேகமெடுக்கும். கிரீனின் வேகத்தை அளக்க எட்வர்ட் ஸ்டிம்சன் என்ற அமெரிக்கர் 1935இல் ஒரு சாய்வுப் பலகையைக் கண்டுபிடித்தார். ஸ்டிம்ப்மீற்றர் எனப்படும் அதிலிருந்து உருட்டிவிடப்படும் பந்து எத்தனை அடி ஓடுகிறதோ, அதுவே கிரீனின் வேகம். மெதுவான கிரீனுக்கு நீண்ட வீச்சு வேண்டும். வீச்சு நீண்டால் முகம் திரும்பிப்போக இடம் அதிகம். எனவே மலைநாட்டில் ஆடுபவர் முகத்தை நிலையாகப் பிடித்திருக்கும் பட்டரையே முதலில் தேடவேண்டும்.

மட்டைக்கு முன் கை

பட்டர் வடிவங்களைப் பார்ப்பதற்கு முன் பார்க்கவேண்டியது ஆட்டக்காரரின் வீச்சு. அதில் பொதுவாக இரண்டு வகை.

முதலாவது வளைவு வீச்சு. மட்டை பின்னால் போகும்போது உடலை நோக்கிச் சற்று உள்ளே வளையும்; முகமும் கூடவே திறக்கும். முன்னால் வரும்போது மூடும். கதவு கீலில் திறந்து மூடுவதைப் போன்றது இது. நிமிர்ந்து நின்று, பந்தைப் பாதத்திலிருந்து சற்றுத் தள்ளி வைத்து ஆடுபவர்களுக்கு இந்த வீச்சு இயல்பாக அமையும்.

இரண்டாவது நேர் வீச்சு. மேசை லாச்சியை இழுத்து மூடுவதுபோல் மட்டை ஒரே கோட்டில் பின்னும் முன்னும் போகும். முகம் குழியையே பார்த்திருக்கும். நன்றாகக் குனிந்து, கண்ணுக்கு நேர்கீழே பந்தை வைத்து, தோள்களை ஊஞ்சல்போல் ஆட்டுபவர்களிடம் இது காணப்படும்.

தன் வீச்சு எது என்று அறிய நூல் ஒன்று போதும். தரையிலிருந்து அரையடி உயரத்தில், இரண்டு குச்சிகளுக்கிடையே நூலை இழுத்துக் கட்டி, அதன் கீழே பந்தை வைத்து இருபது முறை பட் செய்யலாம். மட்டைத் தலை நூலின் கீழேயே போய் வருகிறதா, உள்ளே வளைகிறதா என்று பக்கத்தில் நிற்பவர் கவனிக்கவேண்டும். கைத்தொலைபேசியில் பின்புறமிருந்து படம் பிடித்தும் பார்க்கலாம். அளவில் கூடலாம், குறையலாம். ஆனால் பலருக்கும் கொஞ்சம் வளைவு இருக்கவே செய்யும். அது குறையல்ல. உடலின் பக்கவாட்டில் நின்று ஆடும் ஆட்டத்தில் வளைவுதான் இயற்கை.

தலையின் வடிவம்

பட்டர் தலைகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்: பிளேட், மாலெட், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவகை.

பிளேட் என்பது மெல்லிய, குறுகிய தலை. பழைய பிளேட்களில் பந்து நடுவில் படாவிட்டால் தலை கையிலேயே திரும்பிவிடும். அந்தக் குறையைத் தீர்த்தவர் நோர்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த அவர், 1959இல் தன் வீட்டுக் கராஜில் முதல் பட்டரைச் செய்தார். பந்தில் பட்டதும் அது எழுப்பிய ஓசையே பிங் என்ற பெயராயிற்று. 1966இல் அவருக்குத் தோன்றிய மேம்பட்ட வடிவத்தை, கையில் அகப்பட்ட ஓர் இசைத்தட்டு உறையின்மேல் வரைந்தார். அதுதான் அன்சர். தலையின் பாரத்தை நடுவிலிருந்து எடுத்து இரு ஓரங்களிலும் வைத்ததே அவர் செய்த மாற்றம். இரு முனையிலும் பாரம் தொங்கும் காவடியைத் தோளில் வைத்துச் சட்டென்று திரும்ப முடியாது. பாரமே திருப்பத்தை எதிர்க்கும். அதே தத்துவம்தான் இங்கும். பந்து சற்று ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. இன்று கடைகளில் கிடைக்கும் பிளேட்களில் பெரும்பாலானவை அன்சரின் வழிவந்தவையே. டைகர் வூட்ஸ் வென்ற 15 பெரும் போட்டிகளில் 14இல் அவர் கையில் இருந்த ஸ்கொட்டி கமரன் பட்டரும் இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

மாலெட் என்பது பின்புறம் நீண்ட, பெரிய தலை. பாரம் முகத்திலிருந்து தூரமாகவும் ஓரங்களிலும் இருப்பதால் இது இன்னும் அதிகமாகத் திருப்பத்தை எதிர்க்கும். மேலே நீண்ட கோடுகளோ வட்டங்களோ வரைய இடமிருப்பதால் குறிபார்ப்பதும் எளிது. ஒடிசி நிறுவனம் 2001இல் கொண்டுவந்த இரட்டைப் பந்து பட்டரில், உண்மையான பந்தின் பின்னால் அதே அளவில் இரண்டு வெள்ளை வட்டங்கள் வரிசையாகத் தெரியும். மலைச்சாரலில் இது சின்ன உதவியல்ல. சுற்றிலும் மலைகள் எழும்பி நிற்கும் இடத்தில் எது சமதரை என்பதில் கண் ஏமாறும். தலையிலுள்ள கோடு, எடுத்த முடிவின்படியே மட்டையை வைக்க உதவுகிறது.

மாலெட்டுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. ஆர்தர் நைட் என்பவர் செய்து 1903இல் காப்புரிமை பெற்ற ஸ்கெனெக்டெடி பட்டரில் தண்டு தலையின் நடுப்பக்கம் பொருந்தியிருக்கும். அதைக்கொண்டு அமெரிக்கரான வோல்டர் டிராவிஸ் 1904இல் பிரித்தானிய அமெச்சூர் பட்டத்தை வென்றார். ஆறு ஆண்டுகள் கழித்து, அவ்வகை மட்டைகள் பிரித்தானிய விதிகளால் தடைசெய்யப்பட்டன. தடை நீங்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இன்று மாலெட்டைத் தேடுபவர் திறமை குறைந்தவர் என்று எவரும் சொல்ல முடியாது. உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான ஸ்கொட்டி ஷெஃப்லர் பட்டிங்கில் நீண்டகாலம் தடுமாறினார். 2024 மார்ச்சில் பிளேட்டை விட்டு டெய்லர்மேட் ஸ்பைடர் மாலெட்டை எடுத்த வாரமே ஆர்னல்ட் பாமர் போட்டியை ஐந்து அடி வித்தியாசத்தில் வென்றார். அடுத்த மாதம் மாஸ்டர்ஸ் பட்டமும் அவருக்கே.

பிளேட்டின் பலம் உணர்வு. பந்து எங்கே பட்டது என்பதைக் கை உடனே சொல்லிவிடும். தூரத்தைக் கையின் உணர்வால் அளந்து ஆடுபவர்களுக்கு அது விருப்பமானது. நடுவில் தொடர்ந்து படும்படி அடிக்கத் தெரிந்தவருக்கு பிளேட் போதும். அடிக்கடி ஓரத்தில் படுபவருக்கு மாலெட் துணை.

சமநிலை: விரல்மேல் ஒரு சோதனை

வடிவத்தைவிட முக்கியமானது, தண்டு தலையில் எங்கே பொருந்துகிறது என்பது. கவ்வாத்துக் கத்தியை விரல்மேல் வைத்து அதன் கனத்தைப் பார்ப்பதுபோல், பட்டரின் தண்டை ஒரு விரலில் கிடையாக நிறுத்திப் பார்க்கவேண்டும். முகம் வானத்தைப் பார்த்தபடி தட்டையாக நின்றால் அது முகச்சமநிலைப் பட்டர். தலையின் முனை தரையை நோக்கித் தொங்கினால் அது முனைத்தொங்கல் பட்டர். தொங்கல் கொஞ்சமாகவும் இருக்கலாம், முழுதாகச் செங்குத்தாகவும் இருக்கலாம்.

முனை தொங்கும் மட்டை, வீச்சில் தானாகத் திறந்து மூட விரும்பும். எனவே வளைவு வீச்சுக்காரருக்கு அது இசைவானது. முகச்சமநிலை மட்டை அவ்வளவாகத் திறக்காது. நேர் வீச்சுக்காரருக்கு உகந்தது. மட்டை பொருத்துபவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் வழிகாட்டல் இதுதான். இதை மீறி வெற்றி பெற்றவர்களும் உண்டு. ஆகவே இதைத் தேர்வின் தொடக்கமாகக் கொண்டு, முடிவைப் பந்தின் போக்கிடம் விடவேண்டும். பிளேட் என்றாலே முனைத்தொங்கல், மாலெட் என்றாலே முகச்சமநிலை என்று நினைப்பதும் தவறு. குட்டையாக வளைந்த கழுத்துள்ள மாலெட்கள் பல நன்றாகவே முனை தொங்கும்.

அண்மைக்காலத்தில் மூன்றாவது வகையொன்று பரவியிருக்கிறது. தண்டைப் பிடித்து எப்படி வீசினாலும் தலை தானாகத் திரும்பாதபடி எடை வைத்த, முறுக்கற்ற பட்டர்கள் அவை. இவ்வகையை முன்னெடுத்த லாப் நிறுவனத்தின் பட்டரைக் கொண்டு ஜே. ஜே. ஸ்போன் 2025 அமெரிக்க ஓப்பனை வென்றார். முகத்தைத் திறந்தபடியே விட்டுவிடும் பழக்கம் உள்ளவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

நீளமும் கோணங்களும்

கடையில் கிடைக்கும் பட்டர்கள் பெரும்பாலும் 33 முதல் 35 அங்குல நீளம். இலங்கைக்கு வந்துசேரும் பழைய மட்டைகள் பல வெளிநாட்டவரின் உயரத்துக்கு வாங்கப்பட்டவை. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு 35 அங்குல மட்டை பெரும்பாலும் நீளம். நீண்ட மட்டை உடலை நிமிர்த்தும். பந்து கண்ணின் கோட்டைவிட்டு வெளியே போகும். தலையின் முனை தூக்கி நிற்கும். அப்படித் தூக்கினால் வலக்கைக்காரரின் முகம் குழிக்கு இடப்பக்கம் பார்க்கும்.

சரியான நீளத்தைக் காண, தளர்வாகக் குனிந்து, கைகளைத் தோளிலிருந்து இயல்பாகத் தொங்கவிட்டு, உள்ளங்கைகள் சேரும் இடத்தில் மட்டையைப் பிடிக்கவேண்டும். பிறகு ஒரு பந்தை மூக்கின் மேற்பக்கம், இரு கண்களுக்கு நடுவே வைத்து விழவிட்டால், அது தரையிலுள்ள பந்தின் மேலோ அதற்குச் சற்று உட்பக்கமோ விழவேண்டும். வெளியே விழுந்தால் நிற்கும் நிலையை மாற்றவேண்டும், அல்லது மட்டையை.

தண்டை வெட்டிக் குறைத்தால் தலையின் பாரம் கையில் குறைவாகத் தெரியும். தலையின் அடியில் மெல்லிய ஈயப் பட்டி ஒட்டி அதைச் சரிசெய்யலாம். ஆனால் சுற்று தொடங்குமுன் ஒட்டிவிடவேண்டும். ஆட்டத்தின் நடுவில் மட்டையின் இயல்பை மாற்றுவது விதிக்குப் புறம்பு.

பட்டரின் முகமும் முற்றிலும் செங்குத்தல்ல. பொதுவாக மூன்று, நான்கு பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். புல்லில் நிற்கும் பந்து தன் எடையால் சின்னக் குழியில் அமர்ந்திருக்கும். அதிலிருந்து அதைத் தூக்கி உருளவைக்கவே இந்தச் சாய்வு. மழைக்கால மலை கிரீனில் இச்சாய்வு குறைந்த பட்டர் பந்தைப் புல்லுக்குள் அழுத்தித் துள்ளவைக்கும். அடிக்கும்போது கைகளை முன்னே தள்ளும் பழக்கம் உள்ளவர் இருக்கும் சாய்வையும் இழந்துவிடுவார். அவருக்கு நான்கு பாகைக்குக் குறையாதது நல்லது. விதி அனுமதிக்கும் உச்ச அளவு பத்துப் பாகை.

பாரமும் பிடியும்

இன்றைய தலைகள் பெரும்பாலும் 350 கிராம் அளவில் இருக்கும். பாரமான தலை வீச்சைச் சீராக்கும். கையின் பதற்றத்தை அடக்கும். இலேசான தலை, விரலின் நுண்மையான உணர்வைக் காக்கும். ஒரே பாரத்தில் நீண்டகாலம் பழகுவதே தூரக்கணிப்பை வளர்க்கும் என்பதால், இடம்விட்டு இடம் போகும்போதெல்லாம் மட்டையை மாற்றுவது பயன் தராது.

பட்டரின் பிடி வட்டமாக இருக்கவேண்டியதில்லை. ஒரு பக்கம் தட்டையாக இருக்க விதி இடம் தருகிறது. தட்டையான பக்கத்தில் பெருவிரல்கள் அமரும்போது முகத்தின் திசை கைக்குத் தெரியும். தடித்த பிடி மணிக்கட்டின் ஆட்டத்தைக் குறைக்கும். குறும்பட்களில் கை நடுங்குவோருக்கு அது நல்லது. மெல்லிய பிடி நீண்ட பட்களில் உணர்வைத் தரும். பிடி தேய்ந்து வழுவழுப்பானால் மாற்றிவிடவேண்டும். தூறலில் நனைந்த தேய்ந்த பிடி, எந்த நல்ல தலையையும் கெடுத்துவிடும்.

நீண்ட பட்டர்களும் விதியும்

வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றி ஆடும் நீண்ட பட்டர்களைக் கொண்டு கீகன் பிராட்லி 2011 பிஜிஏ பட்டத்தையும், வெப் சிம்சன் 2012 அமெரிக்க ஓப்பனையும், எர்னி எல்ஸ் அதே ஆண்டு பிரித்தானிய ஓப்பனையும், அடம் ஸ்கொட் 2013 மாஸ்டர்ஸையும் வென்றார்கள். 2016 ஜனவரி 1 முதல் மட்டையை உடலில் ஊன்றி அடிப்பது தடைசெய்யப்பட்டது. நீண்ட பட்டர் வைத்திருப்பதற்குத் தடையில்லை; ஊன்றாமல் ஆடலாம். முன்னங்கையோடு தண்டைச் சேர்த்துப் பிடிக்கும் முறையும் அனுமதிக்கப்பட்டதே. அதற்கு நீளமும் முகச்சாய்வும் கூடிய தனி மட்டை வேண்டும். சாதாரண பட்டரை அப்படிப் பிடித்தால் தண்டு முன்னே சாய்ந்து முகம் தரையைப் பார்க்கும்.

வாங்குமுன்

பட்டரை விலைச்சீட்டைப் பார்த்தோ, தொலைக்காட்சியில் வென்றவரின் கையைப் பார்த்தோ தெரிவுசெய்யக்கூடாது. கிளப்பின் பயிற்சிக் கிரீனில், மட்டைப் பை சுமக்கும் கேடிகளிடமோ நண்பர்களிடமோ இரவல் வாங்கி, இரண்டு மூன்று வகைகளை ஒப்பிடுவதே வழி.

முதலில் முகத்தில் வெண்கட்டியைத் தேய்த்து, ஆறு அடியிலிருந்து பத்துப் பந்துகளை உருட்டவேண்டும். பந்து பட்ட தடங்கள் ஒரே இடத்தில் குவிகின்றனவா, பரந்துகிடக்கின்றனவா என்பதில் தலையின் வடிவத்துக்கான விடை இருக்கிறது. அடுத்து, பந்துக்கு ஓரடி முன்னால், பந்தைவிடச் சற்று அகலமான இடைவெளியில் இரண்டு நாணயங்களை வைத்து அவற்றுக்கிடையே உருட்டவேண்டும். தவறும் பந்துகள் ஒரே பக்கமாகத் தவறினால் சமநிலையையோ தலையிலுள்ள குறிபார்க்கும் கோட்டையோ மாற்றிப் பார்க்கலாம். இரு பக்கமும் தவறினால் குறை வீச்சிலேயே இருக்கிறது. எந்த மட்டையும் அதைத் தீர்க்காது. கடைசியாக, முப்பது அடியிலிருந்து, குழியைப் பார்க்காமல் தூரத்தை மட்டும் எண்ணிப் பத்துப் பந்துகள். அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் நிற்கின்றனவோ, அந்த அளவுக்கு மட்டையின் பாரம் கைக்குச் சரி.

பழைய மட்டை வாங்குபவர் தண்டில் வளைவு, கழுத்தில் விரிசல், முகத்தில் பொருத்திய தகடு தளர்வது ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். தலையில் உள்ள கீறல்கள் பந்தின் போக்கைப் பாதிப்பதில்லை. அவற்றுக்காக நல்ல மட்டையைத் தள்ளவேண்டாம்.

தேர்வின் வரிசை

இவற்றைச் சுருக்கினால் வரிசை இப்படி அமையும்: முதலில் வீச்சின் வளைவு, அதற்கேற்ற சமநிலை, பிறகு நீளம், அடுத்து, பந்து படும் இடத்தைப் பொறுத்துத் தலையின் வடிவம், ஆடும் கிரீனைப் பொறுத்து முகச்சாய்வு, கடைசியாகப் பாரமும் பிடியும். நிறமும் பெயரும் இந்த வரிசையில் இல்லை.

வலிமையும் வசதியும் குறைந்தவருக்கு கோல்ஃப் ஆட்டத்தில் அகலத் திறந்திருக்கும் வாசல் பட்டிங். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் தூர அடியில் மற்றவர்களைவிட மிகவும் பின்தங்கியிருந்தும், பட்டிங்கின் பலத்தால் நான்காம் இடம்வரை வந்தார். கேடியாக வாழ்க்கையைத் தொடங்கிய சி. முனியப்பா 2009இல் இந்திய ஓப்பனை வென்றார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இந்த வாசல் மூடியதல்ல. தூர அடிக்குப் பரந்த மைதானம் வேண்டும். பட்டுக்கு லயத்து வாசலின் சமமான சீமெந்துத் தரையும், இரண்டு நாணயமும், ஒரு துண்டு நூலும் போதும். பொருந்திய மட்டை கிடைத்தபின் அதையே ஓர் ஆண்டு முழுவதும், காய்ந்த மாதங்களிலும் ஈர மாதங்களிலும், மாற்றாமல் வைத்திருந்தால் கை அதன் பாரத்தைத் தன் பாரமாக அறிந்துகொள்ளும்.